பக்கத்து சீட்டில் இருப்பவள்

அந்தக் காணொளிகளை நான் ஒளித்துப் பார்ப்பதில்லை. குசினி மேசையில் ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடி சத்தமாகவே பார்ப்பேன். எங்கேயோ ஒரு வெளிநாட்டு நகரம். ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கும். ஒரு பெண் பின்கதவைத் திறந்து ஏறுவாள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஸ்டியரிங் தானாகத் திரும்பும். அந்தப் பெண் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவாள். அவள் யாரையும் கெஞ்சவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வழியில் யாருடைய புத்திமதியையும் கேட்கவில்லை. எனக்குப் பொறாமையில் வயிறு எரியும்.

"திரும்பவும் அதையே பாக்கிறீர்?" என்பார் இவர், வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

"ஓம். பாத்தால் என்ன?"

"எங்கட சோத்தில மண்ணள்ளிப் போடுற சாமானை இவ்வளவு ஆசையாப் பாக்கிற ஆள் நீர் ஒராள்தான்."

இவர் நகரத்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கூரை உயரத் தட்டுகளில் சாமான் ஏற்றுவது, இறக்குவது, லொறி வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் வேலை. மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் இருக்கும் வீட்டின் மோர்ட்கேஜ் கடன் முழுவதும் அந்த ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கைகளிலும்தான் ஏறி நின்றது. ஆள் இல்லாமல் ஓடும் எதைக் கண்டாலும் இவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆசை வருவதிலும் நியாயம் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு நியாயம் இருந்தால் அங்கே நிம்மதி இருக்காது.

எனக்கு முதல் வலிப்பு வந்தது குசினியில். கண் விழித்தபோது இவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என் உள்ளங்கையில் எதையோ திணித்து விரல்களை மூடிக்கொண்டிருந்தார். கார்ச் சாவி. கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்த அவசரத்தில் இவருக்கு அகப்பட்ட இரும்பு அதுதான். அம்புலன்ஸில் வந்த பெண் குழம்பிப்போய், நான் எங்கேயாவது கார் ஓட்டிப் போகப் பார்த்தேனா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சாவி என் கைக்கு வரவேயில்லை. வலிப்பு வந்தவர்கள் நீண்ட காலம் அது மறுபடி வராமல் இருந்து காட்டினால்தான் இங்கே கார் ஓட்டலாம். அந்தக் காலம் முடியப் போகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவது வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள்.

அப்போது நான் வெஸ்ட்கேட்டில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். காரில் போனால் மோட்டர்வேயில் ஏறி இறங்கும் தூரம். பஸ்ஸில் போனால் நகரத்துக்குப் போய், மாறி, காத்திருந்து, மழையில் நனைந்து, கடை திறந்த பிறகு போய்ச் சேரவேண்டும். இவருடைய வேலை எதிர்த்திசையில், விடிய முன்னம் தொடங்குவது. கொஞ்சக் காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பிறகு வேலையை விட்டேன்.

இந்த ஊரில் கார் ஓட்டாதவர் பாதி ஆள். பால் முடிந்தால் தெருமுனை டெய்ரிக் கடைக்கு நடக்கலாம். அதற்கு மேல் எதற்கும் ஒருவரைக் கேட்கவேண்டும். கேட்டால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள், அதுதான் ஆக்கினை. இவரும் மறுக்க மாட்டார். ஆனால் இவருடைய வசதியில், இவருடைய வேகத்தில், இவருக்குப் பிடித்த பாதையில்தான் போகவேண்டும். பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை என் வலது கால் மிதித்துக்கொண்டே வரும். மழை விட்ட உடனே எங்காவது போகவேண்டும் போல அந்தரமாக இருக்கும். சப்பாத்தைப் போட்டு வாசலுக்கு வந்து, நிற்கும் காரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போவேன். ஒரு நாளில் எத்தனை தரம் அப்படிப் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால், வாக்குவாதம் முற்றிவிட்டது.

"மெஷினுக்கு நித்திரை வராது, குடிக்காது, கோபத்தில ஓடாது. ஆக்களை விட அது பிழையே?" என்றேன்.

அவசரத்தில் பின்னோக்கி வந்த ஒரு ஃபோர்க்லிஃப்டில் சிக்கி, கூட வேலை செய்த ஒருவரின் கால் நசுங்கியதை இவர் கண்ணால் கண்டவர். "அது சரிதான். அண்டைக்கு மெஷின் எண்டால் நிண்டிருக்கும்," என்று ஒத்துக்கொண்டார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆனால் ஒண்டு சொல்லும். ஆளில்லாத காருக்குள்ள உமக்கு வலிப்பு வந்தால் ஆர் பிடிக்கிறது? அது உம்மைப் பத்திரமா வாசலுக்குக் கொண்டந்து விட்டிட்டு, நீர் இறங்குவீர் எண்டு பாத்துக்கொண்டு நிக்கும்" என்றார்.

எழும்பிப் போய், கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

அந்த வருஷமே இவருடைய களஞ்சியத்துக்கு ஆளில்லா ஃபோர்க்லிஃப்டுகள் வந்தன. வந்தவுடன் ஒருவரையும் நிறுத்தவில்லை. முதலில் ஒரு கூட்டம் வைத்து, சிலருடைய வேலை போகும், ஓரிருவர் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர்களாக இருப்பார்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். எந்த மூலையில் நிலம் சரிவு, எந்த வாசலில் லொறி கோணலாக நிற்கும் என்று மெஷின்காரருக்குக் காட்ட இவரையும் ஒரு மலேசியத் தமிழரையும் போட்டார்கள். இரண்டு பேரும் மெஷின்களுக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்தார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவருக்குக் கிடைத்துவிடும் என்று நான் நம்பினேன். இவரும் நம்பினார் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மெஷின்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார். திட்டும்போதுகூட அதில் ஓர் உரிமை இருந்தது.

நவராத்திரி வந்தது. ஆயுதபூசைக்கு இவரும் அந்த மலேசியக்காரரும் ஒவ்வொரு வருஷமும் தங்கள் ஃபோர்க்லிஃப்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லின் அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, கடலையும் அவலும் எல்லாருக்கும் கொடுப்பார்கள். மேலதிகாரிகளுக்கு அது பழகிப்போனது. கடலைக்காகவே சிலர் வருவார்கள். அந்த முறையும் நான் சந்தனம் குழைத்துச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

நடந்ததை இவர் பிறகு சொன்னார். பழைய வண்டிகளுக்குப் பொட்டு வைத்து முடிந்ததும், சார்ஜில் நின்ற புது மெஷின்களை அந்த மலேசியக்காரர் காட்டியிருக்கிறார். "அதுக்கும் வெச்சிருங்கண்ணே. அதுவும் வண்டிதானே லா. நமக்கு வெச்சிட்டு அதுக்கு வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?" இவருக்கும் அது நியாயமாகப் பட்டது. மெஷினின் முன்பக்கத்தில் கறுப்பாக, மினுக்கமாக, நெற்றி மாதிரி ஓர் இடம். பொட்டு வைக்க வேறு எந்த இடம் இருக்கிறது? நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

அதுதான் அதன் கண். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்துதான் அது வழியைப் பார்க்கிறதாம். சார்ஜிலிருந்து எடுத்ததும் முன்னால் ஏதோ தடை என்று நினைத்து, கொஞ்சத் தூரம் வந்து வண்டிகள் போகும் பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றன. வாசலில் லொறிகள் காத்து நின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் விஷயம். ஆனால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் முன் மேலிடம்வரை செய்தி போய்விட்டது: வேலை போகப் போகும் ஒருவர், வேலையைப் பறிக்க வந்த மெஷினின் கண்ணை மறைத்துவிட்டார்.

இவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். இங்கே அது வழக்கம். இவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. "நான் வாறன்" என்று முதல் நாளே சீலையை மினுக்கி வைத்துவிட்டேன்.

அந்த அறையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி இளம்பெண். நல்ல பிள்ளை. தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள். மெஷினை நிறுத்தும் எண்ணம் இருந்ததா என்று இவரிடம் கேட்டாள். இல்லை என்றார் இவர். வேறொன்றும் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்தப் பொட்டை நாங்கள் எங்கள் காருக்கு வைப்போம், தையல் மெஷினுக்கு வைப்போம், பிள்ளையின் நெற்றியில் வைப்போம். கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிற ஒன்றுக்கு வைப்பதில்லை. இவர் உங்கள் மெஷினைக் குருடாக்கவில்லை, அதை வாழ்த்தியிருக்கிறார்.

அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். கொஞ்சம் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். நம்புகிறேன் என்றாள். தடை இருக்கிறது என்று நினைத்தவுடன் மெஷின் நின்றது நல்ல விஷயம்தான் என்றும் சொன்னாள். இனி எதையும் தொடுவதற்கு முன் கேட்கவேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்கு வெற்றிக் களிப்பு. வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். இவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்து ஓட்டினார்.

"ஏனப்பா பேசாமல் வாறியள்? எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது."

"நீர் அங்க சொன்னது சரிதான்," என்றார். "வைக்கேக்க நல்லா ஓடவேணும் எண்டுதான் நினைச்சனான்."

"ஏன்? உங்களுக்குத்தான் அதைக் கண்ணிலயும் காட்டக்கூடாதே."

"எனக்கில்லை. உதுகள் நல்லா ஓடினால்தானே நாளைக்கு உமக்கும் ஒரு கார் வரும்."

யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இவர் கண்டும் காணாதவர் போல லேனை மாற்றினார்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அந்த மலேசியக்காரருக்குக் கிடைத்தது. வயது குறைந்தவர், கணினியும் தெரிந்தவர். தகுதியில்லாதவர் என்று சொல்ல முடியாது. சந்தனத்துக்கும் இந்த முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்கள். போகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் வைத்துக் கைதட்டி அனுப்பினார்கள். மிஞ்சிய கேக்கை இவர் ஒரு பேப்பர்த் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். அந்தக் கேக்கை நான் குப்பையில் போட்டேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தது. அந்தப் பெண் நல்ல பிள்ளை, அந்த மலேசியக்காரர் நல்லவர், மெஷின் பாவம் அதற்கு ஒன்றும் தெரியாது.

வேலைக்கு எழுதிப் போட்டார். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்லும் வயதில் ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு இங்கே வரவேற்பு குறைவு. விடிய எழும்பும் பழக்கம் மட்டும் போகவில்லை. எழும்பி, குளித்து, சேர்ட் போட்டுக்கொண்டு, காரைத் துடைத்து, ரயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டு, குசினி வாசலில் வந்து நிற்பார்.

"இண்டைக்கு எங்கேயும் போகவேணுமே?"

முன்பெல்லாம் நான் நூறு இடம் சொல்லியிருப்பேன். இப்போது யோசித்து யோசித்து இடம் கண்டுபிடிக்கிறேன். வீட்டில் இருக்கிற தையல் நூலையே திரும்பவும் வாங்கப் போகிறேன். படிக்காத புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். போகிற வழியில் இவர் கதைப்பார். முன்பு எரிச்சல் தந்த அந்தச் சுற்றுப்பாதையில் போவார். இவர் வாசலில் வந்து நிற்காத ஒரு காலை வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன கிழமை டாக்டரிடம் போனோம். இவர் வெளியில் காரோடு நின்றார். மருந்து மணம் ஒத்துக்கொள்ளாது என்பது சாட்டு. டாக்டர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். வலிப்பு வராமல் இருக்கவேண்டிய காலம் கடந்துவிட்டது, இனி நீங்கள் கார் ஓட்டலாம் என்றார். எத்தனை நாள் இந்தச் சொல்லுக்காகத் தவித்திருக்கிறேன். நன்றி சொன்னேன். கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

வெளியே வந்தபோது இவர் முன்கண்ணாடியைத் துடைத்து முடித்து, என் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் டாக்டர்?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டாம்," என்றேன்.

இவருடைய முகம் ஒரு கணம் வாடியது. எனக்காகத்தான் வாடியது. பிறகு, "அதுக்கென்ன, நான் இருக்கிறன்தானே," என்று சொல்லிக்கொண்டு சுற்றிப் போய் ஏறினார். பெல்டைப் போட்டார். கண்ணாடியைச் சரிபார்த்தார்.

"இப்ப எங்க போவம்?"

தூரமான ஓர் இடமாகப் பார்த்துச் சொன்னேன்.