அம்மா போட்ட தாளம்

மாமாவுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பைக் கெடுப்பதற்கு நாங்கள் இரண்டு கார் நிறையப் போனோம். எண்பதுகளில் கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே இரண்டு காருக்குள் அடங்கிவிடும். புளியோதரை, தயிர்சாதம், ஜமக்காளம் என்று தேர் பார்க்கப் போகிறவர்களைப் போல ஓக்லாண்டுக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்ததோ ஒரு பார்பெக்யூ கடையின் பின்கட்டு.

மாமா என் அம்மாவின் தம்பி. பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ஜினியர், மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டு கராஜில் கிடாரும் கையுமாக இருப்பார். அவர் வாசித்தது ப்ளூஸ். கறுப்பின மக்கள் பருத்திக் காடுகளில் பட்ட துன்பத்திலிருந்து பிறந்த சங்கீதம் அது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். சுண்டுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின்மேல் அவர் இழுத்தால் கிடார் வாய்விட்டு அழும். பத்து வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் கிடையாது. இன்றைக்கும் அந்த எண்ணத்தில் அதிக மாற்றமில்லை.

ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் இடி. பழைய ரெக்கார்டில் இருப்பதை அப்படியே வாசித்தால், அவர் அவ்வப்போது போய் வாசித்த ப்ளூஸ் பாண்டை நடத்திவந்த டெக்ஸாஸ்காரப் பாடகி, "இது செத்துப்போன மனுஷன் வாசிச்சது, நீ எங்கே?" என்று கேட்பாராம். அம்மாவோடு சேர்ந்து சின்ன வயதில் கற்ற வீணையின் கமகத்தைக் கொஞ்சம் நுழைத்தால், கேட்க வருகிறவர்கள் இது ப்ளூஸே இல்லை என்று முகம் சுளிப்பார்களாம். அந்த ஞாயிறு மதியம் அவர் வாசிப்பதைப் பார்த்துத்தான் பாண்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று பாடகி முடிவு செய்வதாக இருந்தது. பயந்துபோன மாமா, கூட்டத்தின் முகச்சுளிப்பைவிடப் பாடகியின் கேள்வியே மேல் என்று, ஒரு மாதமாக ஒரே கேசட்டைப் போட்டுப்போட்டுக் கிடாரில் நகலெடுத்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையில் காய் நறுக்கியபடி அம்மா அத்தனையும் கேட்டாள். ஒரு நாள் கராஜ் கதவில் சாய்ந்துகொண்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"அக்கா, ப்ளீஸ். இந்த ஒரு தடவை என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. செலக்ட் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா கத்தியோடு உள்ளே போய்விட்டாள்.

பின்கட்டில் மர பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நாங்கள் முன்வரிசையை வளைத்துப் பிடித்தோம். மேடையில் மாமா எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. பாட்டு ஆரம்பித்தது. கேசட்டில் இருந்தது இம்மி பிசகாமல் வந்தது. பாடகி பாட்டை முடித்துக்கொண்டு, கிடாருக்கு இடம் விட்டு, இடுப்பில் கைவைத்து ஒதுங்கி நின்றார்.

பின்னால் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். ப்ளூஸின் நாலடித் தாளத்துக்கு இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும்தான் தட்டுவார்கள். நம்மவர்களுக்கோ முதல் அடியில் தட்டாவிட்டால் கை நமநமக்கும். அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். கச்சேரியில் தொடையில் போடுவாளே, அந்தத் தாளம். ஆனால் இப்போது கையை உயர்த்தி, ஒன்றிலும் மூன்றிலும் பளீர் பளீரென்று தட்டினாள். அங்கிள்களும் ஆன்ட்டிகளும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி. டிரம்மர் எங்களைப் பார்த்து முறைத்தார். எனக்கு மானம் போயிற்று.

"மாம், ஸ்டாப் இட்! யூ ஆர் டூயிங் இட் ராங்!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இருடீ" என்றாள். மாமாவின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மாமாவின் விரல் நின்றுவிட்டது. ஒரு மாதம் நகலெடுத்ததெல்லாம் போச்சு. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். போதாக்குறைக்கு டிரம்மரையும் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். இப்போது கைதட்டல் மட்டும்தான், முன்னும் பின்னுமாக மாறிமாறி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு ஸ்வரம் எழுந்தது. வீணையில் தந்தியை இழுப்பதுபோல அவர் அதை இழுத்து, நடுங்கவிட்டு, இறங்க மனமில்லாமல் இறக்கினார். கேசட்டில் அது கிடையாது. ஆனால் பழைய பாட்டை அவர் கைவிடவும் இல்லை. எங்கே போனாலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதன் வாசலுக்கே திரும்பி வந்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாடகி இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, மாமா கிடாரில் கேட்டதற்கெல்லாம் பாட்டிலேயே பதில் சொன்னார். பின்வரிசையில் யாரோ உற்சாகத்தில் ஊளையிட்டார்கள். எங்கள் அங்கிள் ஒருவர் விட்ட சபாஷ் தெருவரை கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்ததும் பாடகி எங்களிடம் வந்து, கையைத் தப்பாகத் தட்டியது யார் என்று விசாரித்தார். அம்மா பள்ளிக்கூடப் பெண்போல எழுந்து நின்றாள். அடுத்த வாரம் தம்பி வரும்போது அந்தத் தப்பான கைகளும் கூட வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, பாடகி ஒரு தட்டுப் புளியோதரை வாங்கிக்கொண்டு போனார். மாமா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

திரும்பும்போது அப்பா காரில் மாமாவின் அந்தக் கேசட்டைப் போட்டார். ஃப்ரீவேயில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் கதவின்மேல் தட்டிக்கொண்டு வந்தன. இரண்டில், நாலில், இரண்டில், நாலில். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பரவாயில்லையே, ஒரே மதியத்தில் அம்மா சரியாகத் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று பெருமைப்பட்டுக்கொண்டு, பின்சீட்டில் நான் தூங்கிப்போனேன்.