நாலஞ்சு

பதினாறு வருடமாக மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் டீச்சருக்கு அன்று காலையிலேயே தலை கொதித்தது. டேப்லெட்டில் ஆப்பிள் படங்களை விரலால் இழுத்து வரிசையாக அடுக்கினால் பிள்ளைகளுக்குப் பெருக்கல் தானாகப் புரிந்துவிடும் என்று மேலிடத்து உத்தரவு. வந்த முப்பதில் பாதிக்குச் சார்ஜ் ஏறவில்லை. மீதியில் முக்கால்வாசி, திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு மரமாய் நின்றன.

"டீச்சர், என்னோடது தூங்கிடுச்சு!"

"டீச்சர், இவ என்னை ஆப்பிளைத் தொடவே விடமாட்டேங்கிறா!"

"கொஞ்சம் வாயை மூடுங்க! எனக்கு இருக்கிறது ரெண்டே கை!"

அரை மணி நேரம் பெஞ்சுக்குப் பெஞ்சு ஓடியும் ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. சலித்துப்போய், எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, பழையபடி நாலாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஒரு படிவத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"எத்தனை டேப்லெட் வேலை செய்யுதும்மா? உடனே எழுதி அனுப்பணுமாம்."

"அந்தக் கொடுமையை ஏன் சார் கேக்குறீங்க? நாலஞ்சு."

"நாலஞ்சு இருபது!" என்று உள்ளே வகுப்பே முழங்கியது.

அவர் முகம் மலர்ந்தது. "அட, இருபதா! பரவாயில்லையே!"

"ஐயோ சார், நான் சொன்னது..."

அவர் அதற்குள் இருபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு நடையைக் கட்டினார். அன்றைய வகுப்பில் பெருக்கல் புரிந்தது அவர் ஒருவருக்குத்தான்.