கரும்பருந்துக்கு எடுக்காத அளவு

நான் துணியைக் கையால் கிழிக்க மாட்டேன். நேராகக் கிழியும் பருத்தித் துணியானாலும் கத்தரிதான். என் தையல் வகுப்புப் பெண்கள் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்கள். கிழியும் அந்தச் சத்தம் எனக்கு ஏன் ஆகாது என்று அவர்களுக்காக எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராது.

1. படத்தில் தையல் இல்லை

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் கோவிந்தண்ணனின் தையல்கடை. அண்ணன் முன்னால் நின்று ஆண்களுக்கு அளவெடுத்து, "மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழு" என்று சத்தமாகச் சொல்வார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். வாடிக்கையாளர்களின் முகம் எனக்குத் தெரியாது. இஞ்சுதான் தெரியும்.

ஒருநாள் அண்ணன் திரையை விலக்கி ஒரு பழைய சட்டையை நீட்டினார்.

"சரோஜா, நாடகக்காரங்க ஆர்டர். ஹீரோ முகமூடி போட்டுப் பறக்கிறான். கரும்பருந்துன்னு பேராம். உடம்போட ஒட்டின டிரெஸ், முதுகுல போர்வை. கல்யாண சீசன், எனக்கு நேரமில்ல. நீயே யோசிச்சு முடி."

"அண்ணே, அளவு?"

"அதான் சட்டை இருக்குல்ல. ஆளு ஹார்பர்ல வேலை. பகல்ல வர முடியாதாம்."

உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். அந்த ஆள் வந்து நின்றிருந்தால் டேப்பைத் தூக்கியிருக்கவே மாட்டேன்.

அப்படி ஓர் உடுப்பை நான் கண்டதில்லை. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒரு சீனத் தாத்தா படக்கதைப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே முக்காடு போட்டு உட்கார்ந்து, பறக்கிறவர்கள் படமாகத் தேடிப் பார்த்தேன். எல்லாம் அழகுதான். ஆனால் எந்தப் படத்திலும் தையல் இல்லை. பொத்தான் இல்லை, ஹுக் இல்லை. இவன் இதற்குள் எப்படி நுழைந்தான்? உள்ளே மூச்சு விடுகிறானா? அதையெல்லாம் படம் வரைந்தவர் யோசிக்கவில்லை. தைக்கிறவள்தான் யோசிக்க வேண்டும்.

சாதாரணத் துணி இழுபடாது. பனியன் துணி இழுபடும் என்று தோன்றியது. அதை வாங்கி அண்டாவில் கறுப்புச் சாயம் போட்டேன். போர்வைக்கு சாட்டின். பழைய பேப்பரில் உடுப்பின் வடிவத்தைப் பேட்டனாக வெட்டினேன்.

பயம் பறக்கிற இடத்தில்தான் வந்தது. ஆள் உள்ளே தோல்வார் கட்டியிருப்பார். வாரின் முதுகில் ஓர் இரும்பு வளையம். சட்டையில் ஒரு திறப்பு விட்டால், அதன் வழியாகக் கயிற்றுக் கொக்கியை வளையத்தில் மாட்டி, கப்பியில் இழுப்பார்கள். வாரைக் கடைக்கு வரவழைத்து, பழைய சட்டைக்குள் வைத்து, வளையம் வரும் இடத்தில் சாக்பீஸால் குறித்தேன். போர்வையின் கனம் கழுத்தை இழுக்காமல் இருக்க, திறப்புக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரு பித்தளைத் திரைச்சீலை வளையம் தைத்து, திறப்பு வழியாக அதில் போர்வையைக் கட்டினேன். என் சொந்த யோசனை அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

2. கேலாங் கூடம்

ஒத்திகை கேலாங்கில் ஒரு கூடத்தில். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கீழே சிமெண்டுத் தரை. கப்பி இருபதடி உயரத்தில். ஒருமுறைதான் அண்ணாந்து பார்த்தேன். மேடையோரத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஹீரோவாக நடித்த ஆறுமுகம் உடுப்போடு வந்தார்.

"என்னண்ணே, பருந்துன்னு சொல்லிட்டுக் காக்கா மாதிரி ஆக்கிட்டீங்களே!"

"காக்காவும் பறக்கும்லா. ஏறு மேல" என்றார் அண்ணன்.

கயிறு பிடித்தவர் யூசோப், ஆறுமுகத்தோடு கப்பலில் மூட்டை இறக்குகிறவர். முதலில் ரெண்டடி தூக்கிப் பார்க்கலாம் என்றார். ஆறுமுகம் கேட்கவில்லை.

"நேரா மேலயே போயிரலாம்லா. எனக்கென்ன பயம்?"

சொல்லிவிட்டு, பறக்கிற மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி நின்றார். அவர் கை போன கையோடு சட்டையும் மேலே போனது. முதுகுத் திறப்பு நாலு விரல் ஏறிவிட்டது.

மேசை மேல் கிடந்த சட்டை கையைத் தூக்கவில்லையே. நானும் நினைக்கவில்லை.

இரும்பு வளையம் இப்போது துணிக்கு அடியில் மறைந்திருந்தது. யூசோப் போர்வைக்குள் கையை விட்டுத் தடவினார். திறப்பில் விரலுக்கு ஒரு வளையம் தட்டுப்பட்டது. கொக்கியை மாட்டினார். அது என் திரைச்சீலை வளையம். அதைத் தாங்கியது என் நூல் மட்டும்.

"சியாப்!" என்றார். தயார் என்று அர்த்தம்.

நான் பார்த்துவிட்டேன். கத்த வேண்டும். கூடம் நிறைய ஆண்கள். 'அண்ணே' என்பது கூட வரவில்லை. கயிறு விறைத்தது. அவர் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். சர்ர்ர் என்று ஒரு சத்தம். முதுகுத் துணி கழுத்துவரை கிழிந்தது. அரையடி உயரத்திலிருந்து அவர் என்மேல் விழுந்தார்.

பிறகு ஒரே சிரிப்பு.

"ஹீரோயின் வந்தாச்சு! மாலை எங்கப்பா?" என்று யாரோ கூவினார்கள்.

"மானத்த வாங்கிட்டியே, சரோஜா!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

மேலே கையைக் காட்டினேன். கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதில் பித்தளை வளையமும் ஒரு துண்டுக் கறுப்புத் துணியும். ஆறுமுகம் தன் முதுகைத் தடவினார். இரும்பு வளையம் அவர் வாரிலேயே இருந்தது. கப்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. யூசோப் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"என் தப்பு" என்றேன். அந்தக் கூடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

3. டேப்

அண்ணன் அங்கேயே டேப்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.

"கையைத் தூக்குங்க" என்றேன் ஆறுமுகத்திடம். டேப்பின் நுனியை இரண்டு தடவை தவறவிட்டேன்.

"தங்கச்சி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடு. நான் அசையல."

கை கீழே இருக்கும்போது ஓர் அளவு, மேலே போகும்போது ஓர் அளவு. அக்குளில் தனித் துண்டு கொடுத்து, சட்டையின் அடியில் தொடையைச் சுற்றிக் கட்டும் வார் வைத்து, ஏறாமல் தைத்தேன். பித்தளை வளையத்தை எடுத்துவிட்டுப் போர்வையை நாடாவால் தோளில் முடிந்தேன். கொக்கியை மாட்டும்போது போர்வையை விலக்கிக் கண்ணால் பார்த்துத்தான் மாட்ட வேண்டும் என்று யூசோப்பிடம் நானே சொன்னேன். நாடகத்தன்று அவர் பறந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டல்தான் வந்தது.

பெண்களே, படத்தை நம்பாதீர்கள், மேசையில் கிடக்கும் சட்டையையும் நம்பாதீர்கள். உடுப்புக்குள் ஓர் ஆள் இருப்பார், அவர் அசைவார்.

அன்றிலிருந்து திரைக்கு முன்னால் நின்று நானே அளவெடுத்தேன். கூச்சம் போகவில்லை, கூச்சத்தோடுதான் எடுத்தேன். ஒருமுறை வயதான கிளார்க் ஒருவர், ஆபீசுக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை தைக்க வந்தார். கையைத் தூக்கச் சொன்னேன்.

"நான் என்னம்மா, பறக்கவா போறேன்?" என்றார்.

"தெரியாதுங்க. தூக்குங்க" என்றேன்.