வராத காருக்கு ஒரு ஷெட்

வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, துபாயில் பன்னிரண்டு வருடம் ஓட்டிய என் காரைக் கப்பலில் ஏற்றி எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். வாசலில் ஷெட் போடும்படி மனைவி சபீனாவிடமும் சொல்லிவிட்டேன்.

இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டியை இந்தியாவில் இறக்க விடமாட்டார்கள் என்று ஷிப்பிங் ஆபீஸில் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றே அதை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் வேலையை விட்ட பிறகும் அந்தக் காரிலேயே சும்மா சுற்றினேன். "எப்ப வருவீங்க?" என்று சபீனா கேட்கும்போதெல்லாம், "பேப்பர் இன்னும் வரல, அடுத்த வாரம்" என்பேன். வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி போல் போய் வந்த வீட்டில் தினமும் இருக்கப் போகிறோம் என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

வேலையை விட்ட நான்காவது மாதம் வீடியோ காலில் அவள் ஷெட்டைக் காட்டினாள். உள்ளே இரண்டு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த வண்டி இங்க வராதுன்னு மொத வாரமே விசாரிச்சுட்டேங்க" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களா வருவீங்கன்னு பாத்தேன்."

மறுநாளே காரை விற்றேன்.

ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் பெரம்பலூருக்குக் கிளம்பினால், "எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாள். நேரம் சொல்கிறேன். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறேன்.