எலியாஸ் தோர்ன்வெல்லுக்கு ஒரு பொன்னாடை

1829 மே 18: பிறப்பு.
1854: ‘சதுப்புநிலப் பாடல்கள்’. விலை 50 சென்ட். விற்றவை 61.
1867: ‘துறைமுக விளக்கு’. விலை 75 சென்ட். விற்றவை 19.
1881: ‘கடைசிப் படகு’. விலை ஒரு டாலர். விற்றவை 4.
1888 நவம்பர் 2: மறைவு.

கவிஞர் எலியாஸ் தோர்ன்வெல்லின் வாழ்வும் படைப்பும் நஞ்சுண்டனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஜெர்சி சிட்டி வங்கியில் கணினி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், நியூ ஜெர்சியிலேயே கவிஞர் வாழ்ந்த வீட்டில் ஆறு மாதம் டிக்கெட் கிழித்தார். அங்கே வழிகாட்டி ஆகிவிட வேண்டும். வேறு ஆசை கிடையாது.

2024 மே 18, சனிக்கிழமை, அதற்கான தேர்வு. கவிஞரின் பிறந்தநாளும் அதுவே. பார்வையாளர்களாக ஐசலின் ஊரிலிருந்து பதினான்கு தமிழர்களை வேனில் கூட்டிவந்திருந்தார் மனைவி கலாவதி. பின்னால் குறிப்பேட்டோடு அறங்காவலர் மிஸ் ஹார்ப்பர். வீட்டில் ஒரே விதி: எதையும் தொடக் கூடாது.

“அங்கிள், இந்தக் கட்டில் மேல உக்காந்து செல்ஃபி எடுக்கலாமா?” என்றாள் வேனில் வந்த யூனிஸ்.

“தள்ளி நின்னு எடும்மா. நீ தொட்டா என் வேலை போச்சு.”

“ஏனுங்க, வேலையே இன்னும் கிடைக்கலைங்க!” என்றார் கலாவதி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நஞ்சுண்டன் தரையில் நடக்கவில்லை, பறந்தார். படகுத்துறை ரசீதுகளின் முதுகில் கவிஞர் கவிதை எழுதியதையும், கடைசிப் புத்தகத்தின் நான்கு பிரதிகளில் மூன்றைத் தங்கையே வாங்கியதையும் நடித்தே காட்டிவிட்டார். கடைசி அறையில் கவிஞரின் பளிங்குச் சிலை. அங்கே எல்லோரும் கைதட்டினார்கள்.

வினை அதில்தான். இருபத்தொரு வருடம் தமிழ்ச் சங்கச் செயலாளராக இருந்தவர் நஞ்சுண்டன். கவிஞர் எதிரில் நிற்க, கைதட்டலும் கேட்டால், அவர் கை தானாகப் பக்கவாட்டில் நீளும். நீண்டது. பிறந்தநாள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று கலாவதி வாங்கிவந்திருந்த சரிகைப் பொன்னாடை, பழக்க தோஷத்தில் அந்தக் கைக்குப் போயிற்று. சிலைக்குப் போர்த்தி, விளிம்பைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் உறைத்தது.

“அய்யோ, தொட்டுட்டேன்!”

“தொட்டீங்களா? கட்டியே புடிச்சுட்டீங்க!” என்றார் கலாவதி.

மிஸ் ஹார்ப்பர் கிட்டே வந்து, இது என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் கவிஞருக்குச் செய்யும் மரியாதை என்றார் நஞ்சுண்டன். “இவர் உயிரோடு இருந்தவரை யாரும் எதுவும் செய்யவில்லை, மேடம். தேடிப் பார்த்துவிட்டேன்.”

மிஸ் ஹார்ப்பர் நெடுநேரம் எழுதினார்.

மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவதில் கண்டனம். இரண்டாவதில், சிலைக்குச் சேதமில்லை. துணியின் நீள அகலம் என்ன, எந்த நூல் என்ற விசாரணை. மூன்றாவதைப் பிரித்ததும் நஞ்சுண்டன் கரண்டியும் கையுமாக நின்ற கலாவதியைப் பிடித்துச் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினார், சுவரெல்லாம் சாம்பார். இனி சனிக்கிழமைகளில் அவரே வழிகாட்டி. ஆண்டுதோறும் மே 18 அன்று பொன்னாடை விழா. கையுறை கட்டாயம்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை.