கைக்குட்டைக்குள் போன திருநீறு

என் மகள் அழுதால் சத்தம் வராது. வாய் கோணும், கண்ணீர் வழியும், முகம் சிவக்கும். சத்தம் மட்டும் இருக்காது. குறைமாதத்தில் பிறந்தவள். பல வாரம் மெஷின் வைத்து மூச்சுக் கொடுத்ததில் தொண்டைக்குள் பாதை சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தின் அடிக்குழியில் துளை போட்டு, வளைந்த சின்னக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் அவளுக்கு மூச்சு. வளர்ந்த பிறகு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதுவரை அது அடைபடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். காலால் மிதிக்கும் பம்பு ஒன்று உண்டு. அதில் மாட்டிய மெல்லிய குழலைத் தொண்டைக் குழாய்க்குள் விட்டுச் சளியை உறிஞ்ச வேண்டும். குழல் உள்ளே போகாவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பேட்டையில் லேத் பட்டறைக்குப் போனவன். எழுதிக் கொடுத்த தாளை என் மனைவி வாசிக்க வாசிக்க நான் மனப்பாடம் செய்தேன். தோளுக்கடியில் துணியைச் சுருட்டி வை. குழாயைக் கழுத்தோடு கட்டியிருக்கும் நாடாவை வெட்டு. பழையதை எடு. புதியதைச் செருகு. உள்ளே இருக்கும் கம்பியை உடனே உருவு. புதுக் குழாய் வளையாமல் உள்ளே இறங்குவதற்காக ஒரு பிளாஸ்டிக் கம்பி அதற்குள் இருக்கும். அது உள்ளே இருக்கும்வரை காற்றுப் போகாது.

வீட்டில் மாற்றுவதெல்லாம் மனைவிதான். நான் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்வேன்.

அவளுக்கு இரண்டு வயதானபோது பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். மணிமுத்தாறு போகிற ரோட்டில் இறங்கி, வயலுக்குள் நடந்தால் வரும் கோயில். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வேனில் வந்திருந்தோம். வேனைவிட்டு இறங்குமுன் பிள்ளையின் கழுத்தில் குழாயை மறைத்து ஒரு கைக்குட்டையைத் தளர்வாகக் கட்டினேன்.

"தூசிக்கா?" என்றாள் மனைவி.

"ஆமா."

தூசிக்காக இல்லை. கோயில் கூட்டத்தில் குழாயைப் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கோயிலில் சாமியாடித் திருநீறு கொடுப்பவர் என் பெரியப்பா, அந்த ஊரிலேயே இருப்பவர். பிள்ளையை அவர் அன்றுதான் முதலில் பார்த்தார். மூச்சில் ஏதோ கோளாறு என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். ஆட்டம் அடங்கி, வேர்வை வழிய மரத்தடியில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பிள்ளைய இங்கன கொண்டா. அப்பன மாரியே ஊமக்கோட்டானா இருக்காளே. ஒரு சத்தத்தையும் காணும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நெற்றியில் பூசினார். பிறகு கை நிறையத் திருநீறு அள்ளினார். "மூச்சுதானல முட்டுது? நம்ம சாஸ்தா பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டைக்குள் கையை விட்டுத் தொண்டையில் அழுத்திப் பூசினார்.

கை போவதைப் பார்த்தேன். "வேண்டாம் பெரியப்பா" என்ற இரண்டு வார்த்தைதான். வாய்வரை வந்தது.

அவருடைய விரல்கள் எதன் மேலோ தட்டி நின்றன. பிள்ளை மூச்சை இழுத்தாள்.

கண் விரிந்தது. வாய் திறந்தது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி பத்தடி தள்ளிப் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏளா!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

பிள்ளையைத் தரையில் கிடத்திக் கைக்குட்டையை உருவினேன். குழாயின் வாயில் திருநீறு ஈரத்தில் குழைந்து சாந்தாக அப்பியிருந்தது. தோளில் தொங்கிய பையிலிருந்து பம்பை எடுத்து மிதித்தேன். மனைவி குழலை விட்டாள். போகவில்லை. இன்னொரு முறை விட்டாள்.

"அடைச்சிருக்கு. குழாய மாத்தணும்."

"மாத்து."

"என் கையப் பாருங்க, பூரா பொங்கலு, கரி. நீங்க மாத்துங்க. நான் தலையப் பிடிக்கேன்."

பிள்ளையின் உதடு நாவல் பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது. என் துண்டைச் சுருட்டித் தோளுக்கடியில் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினேன். பழைய குழாயை எடுத்தேன். துளை சுருங்குவது மாதிரி இருந்தது. புதியதைச் செருகினேன். இறங்கிவிட்டது.

மூச்சு வரவில்லை.

நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றது. குழாயை இரண்டு விரலால் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் செய்துவிட்டேன், இனி என்ன செய்ய என்றுதான் மனதில் ஓடியது. அத்தனை நாள் மனப்பாடம் செய்ததில் கடைசி வரி மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"கம்பி! கம்பிய உருவுங்க!"

உருவினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. பிள்ளை இருமினாள். சாம்பல் நிறச் சளி என் சட்டையில் தெறித்தது. மறுபடி இருமினாள். மறுபடி இழுத்தாள்.

குலவை எப்போது நின்றதென்று தெரியவில்லை. பெரியப்பா திருநீற்றுக் கையை விரித்தபடியே நின்றிருந்தார்.

"அங்கன ஓட்ட இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதால? என் கையாலல்லா பிள்ள போயிருக்கும்!"

நான் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு விழவே இல்லை. அவர் ரோட்டுக்கு ஓடி, வேனில் உட்கார்ந்திருந்தவர்களை இறக்கிவிட்டு, எங்களை ஏற்றினார்.

வேனில் மனைவி குழாயைவிட்டு விரலை எடுக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் கேட்டாள்.

"மாமா கைய உள்ள விடும்போது நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

"ஆமா."

"பொறவு?"

"வாய் வரல."

அவள் திட்டியிருக்கலாம். சேரன்மகாதேவி தாண்டியும், பேட்டை தாண்டியும் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "உள்ளே என்ன போச்சு?" என்று கேட்டார். இந்த மாதிரி இடங்களில் எப்போதும் மனைவிதான் பேசுவாள். அன்று அவள் பேசாமல் என்னைப் பார்த்தாள். என்னைச் சுற்றி நர்ஸ்கள், வேறு பிள்ளைகளின் தாய்தகப்பன்மார்.

"திருநீறு சார். நான் குழாய மூடி வச்சிருந்தேன். அங்கன குழாய் இருக்கது தெரியாம பூசிட்டாவ. நான் பாத்துக்கிட்டே நின்னேன், தடுக்கல."

டாக்டர் ஏசவில்லை. பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "நுரையீரலுக்குள்ள கொஞ்சம் இறங்கியிருக்கும். காய்ச்சல் வருதான்னு மூணு நாள் பாக்கணும்" என்றார்.

அந்த மூன்று நாளும் ஒவ்வொரு முறை சளி உறிஞ்சும்போதும் நாங்கள் இருவரும் குனிந்து நிறத்தைப் பார்த்தோம். முதல் நாள் கருஞ்சாம்பல். மறுநாள் சாம்பல் கோடு கோடாக வந்தது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது. சுடுகிறதா இல்லையா என்று மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம். நர்ஸம்மா வந்து பார்த்து, ஊசி போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் குழலில் வெள்ளையாக வந்தது.

"வெள்ளையாத்தான் வருது, பாருங்க" என்றாள் மனைவி. சொன்னவள் கட்டில் காலில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

நான் பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தேன். ஏறியது, இறங்கியது. இறங்கிய ஒவ்வொரு தரமும், அது மறுபடி ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை.