டிவி அக்கா கேட்ட கேள்வி

"நீ டிவில பேசப் போறியா? வாயத் தொறந்தா ரிவர்ஸ் எடுக்குற கண்டெய்னர் வண்டி மாரி கீது!"

முதல் நேர்காணலுக்குத் திருவொற்றியூரிலிருந்து நான் கிளம்பிய அன்று அப்பா சொன்னது. அவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

உள்ளூர் கேபிளில் கோலப்போட்டி, கல்யாண மண்டபத்தில் மைக், பிறகு ஒரு பெரிய சேனலில் பெண்களுக்கான விளையாட்டு நிகழ்ச்சி. மூன்று வருடம் நடத்தினேன். பஸ் ஸ்டாப்பில் செல்ஃபி கேட்டார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அதை இப்போதும் மறைக்க மாட்டேன்.

நிகழ்ச்சியில் விளையாட்டு பாதி, அழுகை பாதி. படப்பிடிப்புக்கு முன் மேக்கப் அறையில் போட்டியாளர்களிடம் பேசி, மேடையில் நான் பார்த்துக் கேட்பதற்காக அவர்கள் கதையை அட்டையில் எழுத வேண்டும். உதவியாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் நானேதான் எழுதுவேன். என் கையெழுத்து அவ்வளவு அழகு.

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். என் பேச்சைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஏரியா பொண்ணா நீ! அப்ப ஒண்ணு சொல்றேன், இத மட்டும் மேடையில கேட்டுடாத. எம்பொண்ணோட அப்பன் ஜெயில்ல கீறான். கப்பல்ல வேல செஞ்சிகினு கீறான்னு அது நெனச்சிகினு கீது. பத்து வயசுதான்."

"கேக்க மாட்டேங்க்கா."

மறந்துவிடக் கூடாதே என்று அதையும் அட்டையில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, 'கேட்கக் கூடாது' என்று குறித்தேன். முக்கியமானதை அப்படிக் குறிக்கத்தான் பள்ளியில் பழகியிருந்தேன். அட்டையின் நகல் இயக்குநருக்கும் போகும். அது எனக்குத் தெரியாததல்ல.

மூன்றாவது சுற்றில் காதுக்கருவியில் இயக்குநரின் குரல் வந்தது. "அந்தச் சிவப்புக் கோட்டைக் கேளும்மா."

நான் வேறு கேள்விக்குப் போனேன்.

"கேக்கறியா, அடுத்த வாரம் வேற பொண்ண நிக்க வைக்கட்டுமா?"

கேட்டேன். சிரித்த முகத்தோடு, திருத்தமான உச்சரிப்பில்: "உங்க கணவர் இப்ப எங்க இருக்கார்?"

"கப்பல்ல."

"விடாத," என்றது காது.

"உண்மையாவாக்கா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. பரிசாகக் கிடைத்த ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

கிளம்பும்போது, "அது டிவில வராதுல்ல?" என்றார். "வராதுக்கா" என்று சொல்லிவிட்டு இயக்குநரிடம் ஓடினேன்.

"வெட்டறதா? ப்ரோமோவே அதுதாம்மா. நாளைக்கு சாயங்காலத்துலேர்ந்து ஓடும்."

மறுநாள் ஞாயிறு. படப்பிடிப்பு இருந்தது, நான் போகவில்லை. காலையிலேயே கொருக்குப்பேட்டைக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடியும் வரை நின்றேன்.

அக்காவிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல்கூட உயரவில்லை.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நீதான கேட்ட, நீயே அதுகிட்ட சொல்லு. எனக்கு வாய் வராது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "அம்மா, டிவி அக்கா!" என்று அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தாள். அவளை உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"உங்கப்பா கப்பல்ல இல்ல, பாப்பா," என்றேன்.